டீச்சரின் ரஃப் நோட்டு

ஓட்டு எண்ணி முடித்த அன்றைக்கு ஞானகுமாரி டீச்சர் வீட்டில் உலை ஏறவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டிவிக்கு முன்னால் நின்று, செய்தி வாசிப்பவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் என்ன செய்வான், பாவம், எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறான். தொண்ணூற்றெட்டு மார்ச் மாதம். கோயில், மசூதி என்று சொல்லியே ஓட்டுக் கேட்டவர்கள்தான் டெல்லியில் உட்காரப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அதற்கு நம்மூர்க்காரர்களும் தோள் கொடுத்திருந்தார்கள்.

"இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீற? சோத்தைப் போடு" என்றான் பால்ராஜ். அவள் புருஷன். அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஃபிட்டர்.

"நாடு குட்டிச்சுவராப் போவுது, உங்களுக்குச் சோறு கேக்குதா?"

"குட்டிச்சுவரு இன்னா? போன மாசம் கோயம்புத்தூர்ல குண்டு வெச்சானுங்களே, மறந்துட்டியா? கெட்டியா ஒர்த்தன் வந்தாதான் எல்லாம் அடங்கும்."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். "நீங்க யாருக்குப் போட்டீங்க?"

பால்ராஜ் டிவியையே பார்த்தான். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன்! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறவன்! "இன்னிக்கு அவங்க மசூதி, நாளைக்கு நம்ம சர்ச்சு வாசல்ல வந்து நிப்பானுங்க, அப்போ பேசுங்க கெட்டியா" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தாள். மூன்று நாள் இரண்டு பேரும் பேசவில்லை. சோறும் மூன்று நாள் குழைந்துதான் வந்தது.

ஓட்டு என்றால் அவளுக்கு அப்படி ஒரு வெறி. அது வந்ததும் ஒரு கோபத்தில்தான். எண்பத்து நாலு தேர்தலில் கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனவளிடம், "உங்க பேர் லிஸ்ட்ல இல்லம்மா, ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டார்கள். செத்துப்போன பக்கத்து வீட்டுக் கிழவர் பெயர் இருந்தது, உயிரோடு நின்ற இவள் பெயர் இல்லை. அன்றைக்கு வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அதற்கப்புறம் வாக்காளர் கணக்கெடுப்பு வேலை வந்தால் மற்ற வாத்தியார்கள் எல்லாம் மெடிக்கல் லீவு போட்டு ஓடுவார்கள், இவள் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

வேலையும் அப்படி இப்படிச் செய்யமாட்டாள். மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து போன வருஷப் பட்டியலைப் பார்த்து எழுதி முடித்துவிடுவார்கள். இவள் கற்பகவல்லி நகரின் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் கால் வலிக்க நடப்பாள். முதலில் ரஃப் நோட்டில் பென்சிலால் எழுதி, வீட்டுக்கு வந்து ஃபேராகப் பாரத்தில் ஏற்றுவாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே பழக்கம். பாரத்தில் கேட்டது பெயர், வயது, கதவு எண், அவ்வளவுதான். டீச்சருக்கு அது போதாது. சொந்த வீடா வாடகையா, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன தொழில், வெளியூரில் யார் இருக்கிறார்கள், எந்தப் பிள்ளைக்கு எந்த வருஷம் பதினெட்டு ஆகிறது, எல்லாம் ரஃப் நோட்டில் ஏறும். அடுத்த தடவை ஒருத்தர் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்கிற நல்ல எண்ணம். நல்ல எண்ணத்துக்கு நம் ஊரில் என்ன கூலி கிடைக்கும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

தொண்ணூற்றேழு கடைசியில் அந்த நோட்டோடு மூன்றாவது தெரு உஸ்மான் கனி வீட்டுக்குப் போனாள். வேம்புலியம்மாள் வீட்டின் பின்போர்ஷனில் வாடகைக்கு இருந்தவர். ஆட்டோவுக்கு சீட் கவர் தைக்கிற தொழில். கீழக்கரையிலிருந்து வந்து ஏழு வருஷமாகியும் பட்டியலில் பெயர் இல்லை.

"நமக்கெதுக்கு டீச்சர் அதெல்லாம்? இருக்கற இடம் தெரியாம இருந்துட்டுப் போறோம்" என்றார் உஸ்மான் கனி.

"அப்படிச் சொல்லாதீங்க பாய். பேர் இருந்தாத்தான் நீங்க இந்த ஊர்ல இருக்கீங்கன்னு அர்த்தம். இல்லாட்டி எவன் வேணா உங்களை யாருன்னு கேப்பான்." அரை மணி நேரம் பேசினாள். வகுப்பில் மக்குப் பையனைக்கூட விடமாட்டாளே, இவரையா விடுவாள்? கடைசியில் அவர் பெண்டாட்டி ஜுலைகா டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், டீச்சர் எழுதினாள். ஊர் கீழக்கரை. ஜுலைகாவின் அண்ணன் துபாயில், மாதாமாதம் கடிதம் வரும். மகள் ஃபக்ருன்னிசா, பதினாறு, டீச்சரிடமே ஆறாவது படித்தவள். 'தொண்ணூற்றொன்பது ஜனவரிக்குப் பதினெட்டு' என்று எழுதி, மறந்துவிடக் கூடாதென்று அடிக்கோடும் போட்டாள்.

தேர்தலன்று உஸ்மான் கனி தெருவிலேயே அவளை நிறுத்தி, மை வைத்த விரலைக் காட்டினார். "டீச்சர், போட்டாச்சு!" நாற்பத்தைந்து வயசு மனுஷன், முதல் ஓட்டு. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

இவ்வளவும் கதைக்கு முன்கதை. இனிமேல்தான் ஜெயராமன் வருகிறான்.

ஜெயராமன் நகர் நலச்சங்கத் தலைவர். மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை. வாயைத் திறந்தால் தேன், உள்ளே இருப்பது வேறே. தேர்தல் முடிவு வந்த அடுத்த வாரம் கையைக் கட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் நின்றான்.

"டீச்சர், வெயில் வந்துட்ச்சு. தண்ணி லாரிக்கு ஊட்டுக்கு ஊடு டோக்கன் போடணும். எந்த ஊட்ல எத்தினி பேருன்னு கரெக்டா தெரிஞ்சவங்க இந்த நகர்லயே நீங்க ஒர்த்தங்கதான். அந்த நோட்டு கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

டீச்சர் என்ன செய்தாள் தெரியுமா? சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தாள். பதின்மூன்று வருஷம் உழைத்ததற்கு ஒருத்தன் வந்து கேட்டுவிட்டானே என்கிற பூரிப்பு. "பக்கம் கசங்காம பார்த்துக்குங்க ஜெயராமன்" என்று வேறு சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அடுத்தவன் மடியில் விட்டாள் என்பது இன்னும் மோசம். அதற்கப்புறம் வந்த இரண்டு வாரமும் அவள் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு டெல்லியை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். டெல்லி எங்கே இருக்கிறது? மூன்றாவது தெரு எங்கே இருக்கிறது?

மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் ஜுலைகா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"காலைல போலீஸ் வந்துச்சு டீச்சர். நம்ம நகர்ல இருக்கற ஏழு முஸ்லிம் வீட்டு ஆம்பளைங்களையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய், இப்பத்தான் விட்டாங்க. பத்து மணிலேர்ந்து தரையில உட்கார வச்சு, நம்பர் எழுதின பலகையைப் பிடிச்சு நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்களாம்."

"அடப்பாவிங்களா! நீங்க என்னத்தைப் பண்ணீங்கன்னு? நான் வரேன், இப்பவே வரேன், வாங்க..." டீச்சர் செருப்பைத் தேடினாள்.

ஜுலைகா நகரவில்லை. "அவங்க கையில ஒரு ஜெராக்ஸ் பேப்பர் இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் படிச்சாங்க. கீழக்கரை, சீட் கவர் தையல், மச்சான் துபாய், மாசாமாசம் கடிதாசு. உன் மச்சான் அங்க எந்தக் கூட்டத்துல இருக்கான், என்ன அனுப்பறான்னு கேட்டுக் கேட்டு அடிக்கக் கை ஓங்கினாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கண்ணன் துபாயில இருக்கறது வேம்புலியம்மாவுக்கே தெரியாது டீச்சர். உங்ககிட்ட மட்டும்தான் சொன்னோம். பென்சில்ல எழுதினீங்க."

தேடி எடுத்த செருப்பு டீச்சர் கையிலேயே இருந்தது. ஜுலைகா பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

டீச்சர் அப்படியே ஜெயராமன் கடைக்கு ஓடினாள். கடையில் நாலைந்து பேர் பெயின்ட் வாங்க நின்றிருந்தார்கள்.

"யோவ் ஜெயராமன்! தண்ணி டோக்கனுக்குன்னு வாங்கி எவன்கிட்டய்யா குடுத்த என் நோட்டை?"

"மெதுவா பேசுங்க டீச்சர். நகரோட பாதுகாப்புக்குத்தான் குடுத்தேன். குண்டு வெடிச்சா உங்க ஊடு எங்க ஊடுன்னு பாக்குமா?"

"பாதுகாப்பா? ஏழு வருஷமா ஆட்டோவுக்கு சீட் தைக்கறவனா குண்டு வைக்கறான்? உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? டெல்லில ஆள் மாறினதும் தைரியம் வந்துடுச்சா உனக்கு? பொறுக்கி!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜெயராமனுக்குக் கோபமே வரவில்லை, அதுதான் கொடுமை. மேஜை டிராயரைத் திறந்து நோட்டை எடுத்து, தூசி தட்டி, அவள் கையில் கொடுத்தான். பக்கம் ஒன்றும் கசங்கவில்லை.

"நான் ஒரு எழுத்து சேக்கல டீச்சர். அல்லாம் நீங்க எழுதினதுதான். ஊரு, தொழிலு, துபாய். நீங்க எதுக்கு எழுதினீங்கோ?"

நின்றிருந்தவர்களில் ஒருத்தன் சிரித்தான். டீச்சருக்கு ஓங்கி அறையலாம் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். இது ஓட்டுக்காக எழுதியது, வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, அந்த ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று மனு எழுதிக்கொண்டு போனாள். அங்கே இருந்த அதிகாரி எழுந்து நின்று நாற்காலி போட்டார். "நீங்கதானா அந்த டீச்சர்? எவ்ளோ அழகான கையெழுத்தும்மா! எல்லா வாத்தியாருங்களும் இப்படி எழுதிக் குடுத்தா எங்க வேலை பாதி முடிஞ்சுரும்." மனுவை வாங்கி ஒரு ஃபைலில் செருகினார். டீ வேறு வரவழைத்தார். அந்த டீயைக் குடிக்காமல் வந்ததுதான் அவளால் முடிந்த வீரம்.

வீட்டைக் காலி செய்ய வேம்புலியம்மாள் ஒரு மாதம் தவணை கொடுத்தாள். "நல்ல மனுஷங்கதான்மா, இல்லேங்கல. ஆனா என் ஊட்டு வாசல்ல போலீஸ் ஜீப்பு வந்து நின்னுகினு இருந்தா நாளைக்கி எம்பொண்ணுக்கு எவன் வருவான்?" டீச்சர் கெஞ்சினாள், கத்தினாள். தன் வீட்டு மாடி அறையைத் தருகிறேன் என்று உஸ்மான் கனியிடமே போய்ச் சொன்னாள். அவர் தையல் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வேணாம் டீச்சர்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். திட்டினால் இவளுக்கும் வசதியாக இருந்திருக்கும்.

பால்ராஜ் அன்றைக்குச் சாப்பிடும்போது, "கெட்டியா ஆளு வந்தா..." என்று ஆரம்பித்து, பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தான். "நானும் அதுக்காவ போடல குமாரி" என்றான். எதற்காகப் போட்டான் என்று அவள் கேட்கவில்லை. நோட்டை அடுப்பில் வைத்தாள். எரிந்தது. ஜெராக்ஸ் எரியாது என்பது அவளுக்கும் தெரியும்.

உஸ்மான் கனி குடும்பம் பூந்தமல்லி பக்கம் கரையான்சாவடிக்குப் போனது. அங்கே அவர்கள் ஜனங்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

அடுத்த வருஷமே டெல்லியில் ஆட்சி கவிழ்ந்து மறுபடி தேர்தல் என்றார்கள். டீச்சர் இந்தத் தடவை கணக்கெடுப்புக்குப் போகவில்லை. மெடிக்கல் லீவு போட்டாள். ஆனால் ஒன்று மட்டும் தூங்கவிடாமல் அரித்தது. நோட்டு எரிந்தாலும் அடிக்கோடு போட்ட வரி மனசில் அப்படியே இருந்தது. 'தொண்ணூற்றொன்பது ஜனவரிக்குப் பதினெட்டு.'

பெயர் சேர்க்கிற பாரங்கள் மூன்றை வாங்கிக்கொண்டு, ஆவடி போய் அங்கிருந்து பூந்தமல்லி பஸ் பிடித்து, கரையான்சாவடியில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். சின்ன வீடு. முன்னறையிலேயே தையல் மெஷின். உஸ்மான் கனி எழுந்து நின்றார். "வாங்க டீச்சர்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஜுலைகா டீ கொண்டுவந்தாள், அதே மாதிரி ஏலக்காய் போட்டு. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

டீச்சர் பாரத்தைப் பிரித்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு ஒன்றும் வாயில் வரவில்லை. "பெயரும் வயசும் மட்டும்தான் பாய். வேறே ஒண்ணும் கேக்க மாட்டேன். சத்தியமா. நீங்களே உங்க கையால எழுதுங்க. நீங்க ரெண்டு பேரும் பழைய இடத்துலேர்ந்து மாத்திக்கலாம். அப்புறம் ஃபக்ருன்னிசாவுக்கு..."

உஸ்மான் கனி பாரத்தைத் தொடவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார்.

"எங்க பேரை அங்கயே அடிச்சுடச் சொல்லுங்க டீச்சர்" என்றாள் ஜுலைகா. குரலில் கோபம் இல்லை. "இந்த வீட்ல பதினெட்டு வயசு ஆளு யாரும் இல்ல."

அவள் பின்னாலேயே, நிலையைப் பிடித்துக்கொண்டு ஃபக்ருன்னிசா நின்றிருந்தாள். அம்மாவை விட ஒரு சாண் உயரமாக வளர்ந்திருந்தாள். டீச்சர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஆறாவது வகுப்பில், தப்பாகச் சொன்னால் உடனே எழுந்து நின்று திருத்துகிற பெண். அவள் டீச்சர் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.