நட்சத்திரம் கைவிரித்த இடம்

சரவணம்பட்டியில் நான் இயற்பியல் நடத்தும் கல்லூரியில், பெற்றோர் தினத்தன்று ஒரு மாணவனின் அம்மாவைப் பார்த்தேன். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியின் முதலாளி. பட்டுச்சேலை, வைரத்தோடு, முன்கையில் தீப்பொறி தெறித்த பழைய தழும்புகள். கண்ணில் படும் இரும்பையெல்லாம் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கிவிடுமாம். எங்கள் தொலைநோக்கியின் அடிப்பீடத்தையும் தட்டினார். கணீரென்றது. "நம்மூரு வார்ப்புங்க" என்றார், பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல.

அன்று நான் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசினேன். பெரிய நட்சத்திரம் தன் வயிற்றுக்குள் ஒவ்வொரு தனிமமாக ஆக்கிக்கொண்டே போகும். இரும்பு வந்ததும் அதற்கு மேல் எரிய வழியில்லாமல் உள்ளே நொறுங்கி, வெடித்துச் சிதறும். அப்படிச் சிதறிய இரும்பும் சேர்ந்துதான் பூமி உருவானது என்றேன்.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா நேரே என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சார், அத்தன பெரிய நட்சத்திரம் இரும்பு வந்ததும் கைய விரிச்சுப்போடுதுங்களா?"

"ஆமாங்கம்மா. அதோட அதுக்கு முடிவுதான்."

"பாவமுங்க" என்று சிரித்தார். "நாங்க அங்கிருந்துதானுங்க ஆரம்பிக்கறோம்."

நட்சத்திரத்தின் கதை இரும்போடு முடிகிறது என்றுதான் இன்றும் பாடம் நடத்துகிறேன். சொல்லி முடித்ததும் என் கை தானாக மேசையின் இரும்புக்காலைத் தட்டிப் பார்க்கிறது.