உடும்பு கையை விட்ட நாள்

அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அவசரப் பிரிவில் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் உடும்பு. பிடித்தால் விடமாட்டாள், அதனால். கை முறிந்து வரும் குழந்தையின் தோளையும் மேல்கையையும் அவள் ஒரு தடவை பிடித்துவிட்டால், பிள்ளை எவ்வளவு துள்ளினாலும் அந்தப் பிடி நழுவாது. மறுபக்கம் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எலும்பை நேராக்குவார். பிறகு பஞ்சு சுற்றி, மாவுத்துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மாவுக்கட்டுப் போடுவதும் அவள்தான். பத்தொன்பது வருடமாக இதே வேலை. நகக்கண்ணிலும் புருவத்திலும் வெள்ளை படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவள், "மாவு மில்லுல வேலையாக்கா?" என்று கேட்டாள். "ஆமா, எலும்புகூட அரைச்சுக் குடுப்போம், வேணுமா?" என்றாள் இவள். வாய் கொஞ்சம் துடுக்குதான்.

அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு ஒரு காலத்தில் பெருமைகூட இருந்தது. அது எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் அவளுடைய மகளே ஊஞ்சலிலிருந்து விழுந்து, முன்கை வளைந்து, அதே அறைக்கு வந்து சேர்ந்தாள். வயது எட்டு. வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லியிருக்கலாம். நம்மைவிட எவள் நன்றாகப் பிடிப்பாள் என்கிற கர்வம் விட்டால்தானே! "வலிக்காதுடா தங்கம், ஒரு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டுப் பிடித்தாள். மகள் போட்ட அலறலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எல்லாம் முடிந்து கட்டுக் காய்ந்துகொண்டிருந்தபோது, மகள் விசும்பலை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "நீ பொய் சொல்லிட்டேல்ல" என்றாள். அவ்வளவுதான்.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. போன மாதம் பல் பிடுங்கப் போனபோதுகூட, "நீ வராதம்மா, அப்பா வரட்டும்" என்றாள். சின்னப்பிள்ளைதானே, மறந்துடும் என்று யாராவது இவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

மகளைப் பிடித்த அந்த நாளுக்குப் பிறகு பிள்ளைகளிடம் 'வலிக்காது' என்று சொல்வதை அவள் விட்டுவிட்டாள். பிடிப்பதை விடவில்லை. "மயக்க மருந்து குடுத்துட்டுப் பண்ணலாமே சார்" என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "ஒரே ஒரு இழுப்பு. இதுக்குப் போய் மயக்க டாக்டரைக் கூப்பிடணுமா?" என்பார் பெரிய டாக்டர். அவளும் வாயை மூடிக்கொண்டு பிடிப்பாள். வீட்டுக்குப் போய் அந்த ஆத்திரத்தைப் பாத்திரத்தின் மேல் காட்டுவாள்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் ஏணியிலிருந்து விழுந்த ஓர் ஆள் மணிக்கட்டு உடைந்து வந்திருந்தார். மலை மாதிரி உடம்பு. கையைத் தொட்டதுதான் தாமதம், மனுஷர் போட்ட சத்தத்தில் கூரை பிய்ந்துகொள்ளும் போலிருந்தது. வசவு வேறு. உடனே மேல்மாடியிலிருந்து மயக்க டாக்டர் இறங்கி வந்தார், ஊசி போட்டார். அந்த ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோதே எலும்பை நேராக்கிவிட்டார்கள். ரொம்ப நல்ல விஷயம். அவரைக் குறை சொல்லவில்லை.

பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. பள்ளி மைதானத்தில் கம்பியில் தொங்கி விளையாடி விழுந்திருந்தாள். முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து, கை நடுவில் வளைந்திருந்தது. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, அப்பாவின் சட்டைப் பொத்தானைத் திருகியபடி படுத்திருந்தாள். கத்தாததால் மூன்று மணி நேரம் இருபது நிமிடமாக யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. வந்தவர்கள் யாரானாலும் நாலு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தாண்டினால் சுவரிலிருக்கும் பெரிய திரையில் அவர்கள் பெயர் சிவப்பாகிவிடும். அது சிவந்தால் பெரிய டாக்டரின் முகமும் சிவந்துவிடும்.

வந்தார். "உடும்பக்கா, பிடிங்க. சட்டுனு முடிச்சிடலாம்."

அவள் சிறுமியின் தோளில் கை வைத்தாள். சிறுமி நிமிர்ந்து பார்த்து, "வலிக்குமா ஆன்ட்டி?" என்றாள்.

"வலிக்காது கண்ணு" என்றார் டாக்டர். "வலிக்காதும்மா" என்றார் அப்பா. சிறுமியின் பார்வை இவளை விட்டு நகரவில்லை.

"வலிக்கும்" என்றாள் அவள். "இப்படியே இழுத்தா ரொம்ப வலிக்கும்."

சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

"என்ன பண்றீங்க?"

"மயக்க டாக்டரைக் கூப்பிடுங்க சார்."

"இப்பத்தான் மேல போனார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும். திரையைப் பாத்தீங்களா?"

"பக்கத்துல படுத்திருக்காரே, அவரை நான் ஏன் சார் பிடிக்கல?"

"அந்த உடம்புக்கு, பிடிச்சா அடங்குவாரா?"

"அப்ப அடங்குறவங்களுக்கு மருந்து கிடையாதா?" என்றாள் அவள். "பெரியவங்கன்னா மயக்க மருந்து, குழந்தைன்னா உடும்பா? இந்தப் பிள்ளைக்கு நம்மளத் திட்டத் தெரியல, அதான் அவ செஞ்ச குத்தமா?"

டாக்டர் சட்டென்று அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க வாங்க, தோளைப் பிடிச்சுக்கங்க."

பாவம், அந்த மனுஷன் எழுந்தேவிட்டார். டாக்டர் சொன்னால் யார்தான் எழுந்திருக்க மாட்டார்கள்?

"பிடிக்காதீங்க தம்பி" என்றாள் அவள். "நான் என் பொண்ணைப் பிடிச்சேன். பதினாலு வருஷமாச்சு. இன்னும் அவ என்னை நம்பல."

அப்பா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மகளைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "காத்திருக்கோம் சார்" என்றார். இதற்குள் பயிற்சிக்கு வந்திருந்த சின்ன டாக்டரம்மா, யாரும் சொல்லாமலே மேல்மாடிக்கு போன் போட்டுவிட்டாள். பெரிய டாக்டர் இவளை முறைத்த முறைப்பில் பால்கூடத் திரிந்திருக்கும். "எழுத்துல பதில் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வலிக்கு மருந்து கொடுத்து, கையைத் தலையணையில் ஏந்தி வைத்தார்கள். திரையில் பெயர் சிவந்தது. சிவக்கட்டுமே, யார் குடி முழுகிவிட்டது? மயக்க டாக்டர் வந்தார், ஊசி போட்டார், சிறுமி கண்ணை மூடினாள். பெரிய டாக்டரேதான் இழுத்தார். ஒரே இழுப்பு, சும்மா சொல்லக்கூடாது, கைதேர்ந்தவர். அவள் சிறுமியின் மேல்கையை ஒரு பூனைக்குட்டியைத் தூக்குவது போல ஏந்திக்கொண்டாள். அதற்குமேல் பிடி எதுவும் வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நேராக இருந்தது. முழங்கைக்கு மேல்வரை கட்டுப் போட்டாள்.

அலுவலகத்திலிருந்து மெமோ ஏற்கெனவே வந்திருந்தது. குழந்தைக்கு மயக்க மருந்து வர முக்கால் மணி நேரம், மெமோ வர அரை மணி நேரம்! 'பணியின்போது நோயாளியைப் பிடிக்க மறுத்தது ஏன்?' என்று கேட்டிருந்தார்கள். மூன்று நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மூன்று நிமிடம் போதுமாக இருந்தது. கட்டில் ஓரத்திலேயே காகிதத்தை வைத்து, 'மருந்து கொடுத்த பிறகு பிடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காகிதம் முழுக்க வெள்ளைக் கைரேகை.

சிறுமி கண்ணைத் திறந்தாள். கட்டைப் பார்த்தாள், விரல்களை ஆட்டிப் பார்த்தாள்.

"எப்ப ஆன்ட்டி இழுப்பாங்க?"

"இழுத்தாச்சும்மா. எல்லாம் முடிஞ்சுது."

சிறுமி புருவத்தைச் சுருக்கினாள். கோபமாகக் கேட்டாள்.

"ரொம்ப வலிக்கும்னு சொன்னீங்க? வலிக்கவே இல்ல. நீங்க பொய் சொல்லிட்டீங்கல்ல!"

உடும்புக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா பதறிப்போய், "அக்கா, குழந்தை தெரியாம..." என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஆமாடி தங்கம்" என்றாள். "பொய்தான் சொல்லிட்டேன். இன்னொரு தடவை சொல்லு."