பேட்ச் நம்பர் கேட்ட மதியம்

என் கையால் செய்த சென்சார் பொய் சொல்லாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்பவள் நான். அது பென்சில் முனை அளவுக்கு ஒரு கார்பன் கம்பி. மாத்திரையைக் கரைத்த நீரில் அதை நிறுத்தி மின்சாரம் கொடுத்தால், கணினித் திரையில் ஒரு மேடு எழும்பும். மேடு எவ்வளவு உயரமோ, மருந்தும் அவ்வளவு.

சோதனைக்கான காய்ச்சல் மாத்திரையை ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவிடம்தான் வாங்குவேன். அன்று காலை, கலப்பில்லாத மருந்தை வைத்துப் பார்த்தபோது சென்சார் சரியாகக் காட்டியது. மதியம் சித்தப்பா கடை மாத்திரையை வைத்தேன். மேடு பாதிகூட எழவில்லை. மருந்து ஆய்வாளருக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்றார் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர். போலி மாத்திரை என்று ஒரு பேச்சு கிளம்பினால் அந்தக் கடைக்கு யார் படியேறுவார்? சித்தப்பாவுக்குப் போன் போட்டு, கடையில் மீதியிருக்கும் அட்டைகளின் பேட்ச் நம்பரை மட்டும் கேட்டேன். வேறெதுவும் சொல்லவில்லை.

பேராசிரியரிடம் ஒரு மணி நேரம் அவகாசம் வாங்கினேன். காலையில் வைத்த அதே மருந்தை மறுபடி வைத்தால், அதிலும் மேடு படுத்துக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. கோளாறு மாத்திரையில் இல்லை, கம்பியில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

மதியம் நான் மாத்திரையை வைப்பதற்கு முன், கம்பி துடைக்கும் வடிதாள் தீர்ந்துபோக, கூட ஆராய்ச்சி செய்யும் இராஜபாளையத்துக்காரர் கம்பியைப் பேண்டேஜ் துணியால் துடைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் பேண்டேஜ் நெய்வதுதான் தொழில். வெட்டித் தள்ளும் ஓரத்துணி பை பையாக லேபுக்கு வரும்.

"புண்ணுக்கே வைக்கிற துணி. இதவிடச் சுத்தம் எங்க இருக்கு?" என்றார்.

புண்ணுக்குச் சுத்தம்தான். ஆனால் அந்தத் துணியில் ஒட்டியிருந்த லேசான சோப்புப் பிசுக்கு கம்பியில் ஏடாகப் படிந்திருந்தது. தேய்த்துக் கழுவி, முதலில் காலையில் வைத்த மருந்தை வைத்தேன், பிறகு மாத்திரையை. இரண்டிலும் மேடு நிமிர்ந்து நின்றது. இனி ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டாம் என்றார் பேராசிரியர்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். அந்த மாத்திரை இருந்த தட்டு காலியாக இருந்தது. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி வைத்திருந்தார் சித்தப்பா. யாராவது வந்து ஏதும் சொன்னார்களா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"யாரும் சொல்லல. நீ பேட்ச் நம்பர் கேட்டேல்ல? நீ சும்மா கேக்க மாட்ட. அதுக்குப் பொறவு ஒருத்தருக்கும் கொடுக்கல."

"நல்ல மாத்திரைதான் சித்தப்பா" என்றேன். அவர் ஏன், என்ன என்றுகூடக் கேட்காமல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.