மெழுகு மாளிகை ராஜா

“…நிக்கத்தான சேட்டு இட்டாந்தீங்க? ரத்தம் கக்கவா இட்டாந்தீங்க?” என்றாள் அண்ணி.

கயிற்றைத் தாண்டி மேடைக்கு அடியில் வந்து அவள் இப்படிக் கேட்டபோது, மேடைமேல் நான் மகாகவியாக உட்கார்ந்திருந்தேன். கையில் பனை ஓலை, தாடையில் ஆட்டு மயிரில் செய்த தாடி. மகாகவி வாயைத் திறக்கக் கூடாது என்பது கொட்டகைச் சேட்டு போட்ட சட்டம். எனக்குப் பக்கத்தில் ராஜாவாக நின்றவர் அவளுடைய புருஷன்.

அண்ணி என்றதும் என் கூடப்பிறந்தவன் பெண்டாட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நானும் அவரும் சேர்ந்து ஆவாரம்பட்டை இடித்தவர்கள். தோல் பதனிடும் இடத்தை ஷாப்பு என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவர் எனக்கு மூத்தவர், அதனால் அண்ணன். ஆகவே இவள் அண்ணி. பட்டைத் தூள் அவருடைய நெஞ்சில் இறங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. “எம் புருஷன் ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அவரு இருமல் வந்துடும், நான் உலை வச்சிடுவேன்” என்பாள் அண்ணி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அந்த வருஷம் சீமையில் தோலை வாங்குவார் இல்லை என்றார்கள். ஷாப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. எங்கள் மேஸ்திரி, “போங்கப்பா, ஆட்டுக்கே நல்ல காலம் பொறந்துட்ச்சி, நமக்குத்தான் இல்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணன் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அண்ணி காட்டுக்குப் போய்ச் சுள்ளி பொறுக்கி விற்றாள். விற்ற அன்று கேழ்வரகுக் கூழ். விற்காத அன்று சும்மா தண்ணீர்.

அப்போதுதான் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மைதானத்தில் கொட்டகை எழும்பியது. ‘மகா புருஷர்கள் மெழுகு மாளிகை’ என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். ராஜாக்கள், ராணிகள், புலவர்கள், ஞானிகள் எல்லோரும் ஆள் உயரத்துக்கு மெழுகுப் பொம்மையாக நிற்பார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம். அந்தப் பொம்மைகளைச் சேட்டு எங்கெங்கோ குளிர்ந்த ஊர்களில் காட்டிப் பேர் வாங்கியவர். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இரண்டாம் வாரமே ஞானியின் மூக்கு உதட்டுக்கு இறங்கியது. ராஜாவின் கன்னம் தோளில் ஒழுகி நின்றது. “இன்னா சேட்டு, ராஜாவுக்கு அம்மை போட்டுக்குதா?” என்று கேட்டுவிட்டுப் பாதி ஜனம் காசைத் திருப்பிக் கேட்டது.

சேட்டு தலையில் கை வைத்து உட்காரவில்லை. வேலையில்லாமல் மைதானத்தில் குந்தியிருந்த எங்களைப் பார்த்தார். மெழுகு உருகும், மனுஷன் உருகமாட்டான் என்று கணக்குப் போட்டுவிட்டார். உருகிய பொம்மைகளின் உடுப்பை எங்களுக்கு மாட்டினார். முகத்தில் மெழுகும் மாவும் குழைத்துப் பூசினார். வாசல் துணியை மட்டும் மாற்றவில்லை. எழுதப் படிக்க அப்போது அரைகுறையாகத் தெரிந்த நான் மகாகவி ஆனேன். கோட்டையைக் கொடுக்கமாட்டேன் என்று போரில் செத்த ராஜாவாக அண்ணன் ஆனார். பட்டைச் சாறு ஊறி அவர் கை முழங்கை வரைக்கும் செங்கல் நிறம்; எந்த மாவும் அதை மறைக்கவில்லை. “போர்க்களத்து மண்ணு, அப்டியே இருக்கட்டும்” என்றார் சேட்டு.

மணி அடித்தால் திரை திறக்கும். மறுமணி அடிக்கும்வரை இமை, விரல், தொண்டை எதுவும் அசையக் கூடாது. “மூச்சு விடு, ஒண்ணும் சொல்லமாட்டேன். இருமினா மட்டும் ஊட்டுக்குப் போயிடணும்” என்று முதல் நாளே அண்ணனிடம் சொல்லிவிட்டார் சேட்டு.

அண்ணன் இருமவில்லை. எப்படி அடக்கினார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. திரை மூடியதும் பின்பக்கம் ஓடி, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமுவார். மறுமணிக்குள் மீசையைத் தடவிக்கொண்டு கத்தியோடு நிற்பார். “பழகிப்போச்சி தம்பி. கூலிய நெனச்சிக்கினா நெஞ்சு அடங்கிடுது” என்பார். அந்தக் கூலியில் அவர் வீட்டில் தினமும் அடுப்பு எரிந்தது.

கெடுத்தது கற்பூரம். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், மண்ணுக்காக உயிரை விட்ட மகராசன் என்று கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ராஜாவின் காலடியில் கற்பூரம் ஏற்றிவிட்டாள். புகை நேராக மேலே போனது. அண்ணன் கண்ணில் நீர் கோத்தது. “ஐயோ, ராஜா அழுவுறாரு பாருங்க!” என்று அவள் கத்த, ஜனம் நெருக்கியது. அண்ணன் தோள் ஒருமுறை குலுங்கியது. அப்புறம் அந்த இருமல் வந்தது. மீசையெல்லாம் ரத்தம்.

அண்ணனுக்கு வேலை போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒருவன், “குண்டு பட்டு சாவுறாரு, பார்டா!” என்றான்.

“டேய், அது ஆளுடா.”

“ஆளாம் ஆளு! பொம்மைதான். உள்ள மிஷின் வச்சிக்கீறான்.”

கைதட்டினார்கள். தோலோடு புழங்குகிற ஜனம், ரத்தத்தைப் பார்த்தால் தெரியாதா? ஆனால் வாசலில் மெழுகு என்று எழுதியிருந்தது, எழுத்தை நம்பிவிட்டார்கள்.

சேட்டு அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. மறுநாள் டிக்கெட் ஜன்னலில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “ரத்தம் கக்குற ராஜா இருக்காரா?” அன்று மாலை சேட்டு தாமே ஒரு சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து அண்ணன் காலடியில் வைத்தார். “ஆட்டத்துக்கு ஒரு தபா போதும். ஜாஸ்தி வேணாம்” என்றார். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். கூலியையும் கூட்டினார். அண்ணன் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்தியை எடுத்துக்கொண்டார். இருமினால் வேலை போகும் என்று பயந்தவருக்கு இப்போது இருமாவிட்டால் வேலை இல்லை. ராத்திரி போகிற வழியில் பாலாற்று ஊற்றில் மார்பைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

அண்ணிக்கு விஷயம் கிணற்றடியில் தெரிந்தது. யாரோ ஒருத்தி, “உம் புருஷன் வேல செய்ற கொட்டாயில ஒரு ராஜா பொம்மை ரத்தம் கக்குதாமே, நெசமாவே கக்குற மாதிரி இருக்குதாமே” என்று வியந்து கேட்டாளாம். அண்ணி குடத்தை அங்கேயே வைத்துவிட்டாள். சுள்ளி விற்ற காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் வந்த நேரம் சட்டியில் புகை கிளம்பி அண்ணன் இருமத் தொடங்கியிருந்தார்.

கயிற்றைத் தாண்டி வந்து அவள் கேட்ட அந்தக் கேள்விக்குச் சேட்டு முதலில் திரையைத்தான் இழுத்து மூடினார். வெளியே ஜனம் சீட்டியடித்தது.

“இஷ்டம் இல்லன்னா இட்டுக்கினு போம்மா” என்றார் சேட்டு. “நாளைக்கு அந்த எடத்துல நிக்க மைதானத்துல ஆளுக்கா பஞ்சம்?”

அண்ணன் கத்தியை ஊன்றிக்கொண்டு, “நீ போ. பேஜார் பண்ணாத. அரிசி வாங்கிக்கினு வர்றேன்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி இருமல் வந்துவிட்டது.

“புள்ளைங்களுக்கு அரிசி வேணும். எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள்.

நான் தாடியைக் கழற்றிவிட்டு, “அண்ணி, வா, ரெண்டு பேரும் அண்ணனப் புடிச்சி ஊட்டுக்கு இட்டுக்கினு போலாம்” என்றேன். அவள் மேடை ஏறினாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் நான் உட்கார்ந்திருந்த பலகையில் உட்காரவைத்தாள். கிரீடத்தையும் நீண்ட அங்கியையும் கழற்றித் தான் போட்டுக்கொண்டாள். அங்கி தரையில் புரண்டது.

“இன்னாம்மா இது?” என்றார் சேட்டு.

“ராணின்னு சொல்லுங்க. எத்தினி ராணி சண்டை போட்டு செத்திருக்குது!” என்றாள். சாம்பிராணிச் சட்டியைக் காலால் மேடைக்குக் கீழே தள்ளினாள். கத்தியை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்து, “மணி அடிங்க சேட்டு” என்று சொல்லிவிட்டு, இமையை அசைக்காமல் நின்றாள்.