ஏழு படங்களும் ஒரு கறையும்

எதைக் கையில் கொடுத்தாலும் வேணுகோபால் அண்ணன் முதலில் திருப்பிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை, சாப்பாட்டுத் தட்டு, மாத்திரை அட்டை, எதுவானாலும் பின்பக்கம்தான் முதலில். ஆரணியில் அந்தப் பட்டுக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் பட்டச் சான்றிதழை முதலாளி ராஜ்குமார் அவரிடமும் நீட்டினார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம். தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அண்ணன் அதைத் திருப்பினார். வெறும் தாள். "பின்னாடி ஒண்ணுமே இல்லியேம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த வெறும் தாளைப் பற்றிப் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

அது தறியிலிருந்து வந்த பழக்கம். சரிகைப் பூ போட்ட சேலையின் முகம் தறியில் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். நெய்கிறவர் நாள் முழுக்கப் பார்ப்பது அதன் முதுகை. அண்ணன் இருபது வருடம் நெய்துவிட்டு, கடைக்குச் சேலை பார்க்கும் வேலைக்கு வந்தவர். நெசவாளிகள் கொண்டுவரும் சேலையை விரித்து, கறை, அறுந்த இழை, தவறிய பூ எல்லாம் கண்டு சொல்வார். அவர் சொல்வதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். சரி என்றால் அடுத்த சேலைக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலும் பட்டும் அந்த வீட்டுக்குப் போகும். மூன்று முறை கறை என்று ஏறினால் பாவு நின்றுவிடும்.

அவர் ஓவியம் சேர்க்க ஆரம்பித்தது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. கண்ணமங்கலத்தில் ஒரு பழைய சாமான் கடைக்கு நாற்காலி வாங்கப் போனவர், கித்தானில் எண்ணெய் வண்ணம் தீட்டிய ஒரு படத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதில் ஆள் இல்லை, மரம் இல்லை, சாமி இல்லை. மஞ்சளையும் காவியையும் பட்டை பட்டையாக இழுத்துவிட்டிருந்தது. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சாம்பல் புள்ளி. பின்பக்கம் பென்சிலில் பெயருக்கு இரண்டு எழுத்து, தேதி மே 1957. வேலூரில் டிராயிங் மாஸ்டராக இருந்த ஒருவர் வரைந்தது, நண்பர்கள் வீட்டுக்கெல்லாம் இப்படிக் கொடுத்திருந்தார் என்று கடைக்காரர் சொன்னாராம். அண்ணன் அந்த வீடுகளைத் தேட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்குப் போவார், ஒருமுறை வெம்பாக்கம் வரை போனார். நான்கு வருடத்தில் ஏழு படங்கள் சேர்ந்தன.

வீட்டுக் கூடத்தில் அவற்றைத் தேதி வரிசையில் மாட்டினார். படத்துக்குப் படம் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. நான்காவதில் உள்ளங்கை அளவு. 1965 என்று எழுதியிருந்த ஏழாவதில் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம். அங்கே உட்கார்ந்து காபி குடிக்கும்போது, சுவருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று ஏழு அடி எடுத்துவைத்துக் கிட்டே வந்துவிட்டது போலிருக்கும். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். அவர் வீட்டம்மாவுக்குப் பயமெல்லாம் இல்லை. "ஊர்ல அவனவன் ஊட்ல பெருமாள் படம் மாட்டுறான். இவரு தோசைக்கல்லு அடிப்பக்கத்த மாட்டிகினு உக்காந்திருக்காரு" என்பார்.

ஒருநாள் அந்தப் படங்களை போனில் பிடித்து நெட்டில் போட்டேன். ஓவியம் வாங்கி விற்கும் எழிலரசன் என்பவர் சென்னையிலிருந்து காரில் வந்துவிட்டார். இதன் பெயர் அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம், உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் கிளம்பியது, உருவத்தை விட்டுவிட்டு நிறத்தாலும் கை வீச்சாலும் மனதைச் சொல்வது என்று விளக்கினார். நடுவில் வளரும் இருட்டு அந்தக் காலத்தின் பயம் என்றார். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். பட்டம் வாங்கியவள் புரியவில்லை என்று சொல்லக் கூடாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த மாஸ்டரு கண்ணாடி போட்டிருந்தாருங்களா?"

கடைசிக் காலத்தில் தங்கைதான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள் என்று கேள்விப்பட்டதாக எழிலரசன் சொன்னார். அண்ணன் அவரைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். படங்களை விற்கவில்லை.

அந்த வருடம் ஆவணியில் பொன்னம்மாள் அக்காவின் சேலை ஒன்று திரும்பியது. கடைக்கு நெய்கிறவர்களிலேயே சுத்தமான கை அவருடையது என்பதால், அழுக்கு சட்டென்று தெரிந்துவிடும் சந்தன நிறம் எப்போதும் அவருக்குத்தான் போகும். அண்ணன் சேலையை விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல கறை."

நான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவரிடம் சொல்லவும் செய்தேன். பின்பக்கமும் இருக்கிறது, ஏற்று என்றார்.

பொன்னம்மாள் அக்கா சத்தம் போடவில்லை. "என் கையி ஈரங்கூட அதுல படாதுங்கண்ணா. எந்த எடம்னு வெரல வெச்சிக் காட்டுங்க, நான் போறேன்" என்றார்.

அண்ணன் விரலை வைக்கவில்லை. சேலையை மடித்தார். நான் 'கறை' என்று ஏற்றினேன். புரட்டாசி முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை ஏற்றினேன். முதலாளி பாவை நிறுத்தினார். விஷயம் மற்ற கடைகளுக்கும் போனது. கறை விழும் கைக்கு யாரும் பட்டு கொடுக்க மாட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அண்ணன் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். பிறகு நான்காவது படத்தைப் பார்த்தார். மறுபடி சுவர். மறுபடி படம். மாப்பிள்ளை வீட்டில் கொடுத்த சாம்பிள் துணியோடு நிறம் ஒத்துப் பார்ப்பது போல.

"நாலுல இருக்கேம்மா" என்றார்.

உட்காரவைத்துச் சொன்னார். வலது கண்ணில் சின்ன வயதிலிருந்தே பார்வை கம்மி. இடது கண்ணை வைத்துத்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார். சுகர் வந்த பிறகு அந்தக் கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் புள்ளி விழுந்தது. எதைப் பார்த்தாலும் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். இருட்டு நிறத்தில் தெரியாது, வெளிர் நிறத்தில் தெரியும்.

"என் கண்ணுக்குள்ள இருக்கறத எவனோ ஒருத்தன் வெளியே வரைஞ்சி வெச்சிருந்தாம்மா. கண்ணமங்கலத்துல அதப் பாத்ததும் நாற்காலிய மறந்துட்டேன்."

வேலூரில் பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, காட்டினால் நிறுத்திவைக்கலாம் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. டாக்டர் தேதி சொல்ல மாட்டார், இந்தப் படங்களின் முதுகில் தேதி இருக்கிறது என்றார். மாஸ்டருக்கு முதல் படத்திலிருந்து கடைசிப் படத்துக்கு எட்டு வருடம் ஆனது. தனக்கு இன்னும் நான்கு வருடம் மிச்சம் என்று கணக்கு வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்கப் பின்பக்கத்தை நம்பியவர், இதையும் நம்பினார்.

அப்படியானால் பொன்னம்மாள் அக்கா சேலையில் இருந்தது என்ன என்று கேட்டேன்.

"அப்போ எனக்குத் தெரியலம்மா. நெசமாவே சேலைலதான்னு நெனச்சேன்" என்றார். தீபாவளி சீசன் முடியட்டும், முதலாளியிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றார். சொன்னால் அன்றோடு வேலை போகும். அது எனக்கும் தெரியும். அதனால் நானும் காத்திருந்தேன். காத்திருந்தது அவருக்காகவா, இல்லாத கறையை ஏற்றியது என் விரல் என்பதாலா என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

தீபாவளி போனது. கார்த்திகை போனது. அக்கா ஒரு விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் கூலி வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கறை இருக்கிற சேலையை விட்டுவிட்டால் அண்ணன் கண்ணைப் பற்றிப் பேச்சு வரும். கறை இல்லாத சேலையைத் தள்ளினால் நெசவாளியின் கையைப் பற்றித்தான் பேச்சு வரும். இந்த வித்தியாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மார்கழியில் அண்ணனின் கணக்கு உடைந்தது. பத்து நாளில் நான்கிலிருந்து ஆறுக்குப் போய்விட்டார். அதன்பிறகு கடையில் வந்த சேலை எல்லாவற்றையும் விரலால் தடவி, சரி என்று சொல்ல ஆரம்பித்தார். நானும் சரி என்றே ஏற்றினேன். இரண்டு விரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறையோடு போன ஒரு முகூர்த்தச் சேலையைப் பெண் வீட்டார் கொண்டுவந்து மேசைமேல் வீசினார்கள். முதலாளி அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார். அப்போதும் அண்ணன் சுகர், அசதி என்றுதான் சொன்னார்.

மாசியில் பார்க்கப் போனேன். நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"யாரு, நிலாவா? இது ஏழாவதுதானம்மா?" என்று எதிரே காட்டினார்.

அவருக்கு எதிரே இருந்தது திறந்த வாசல். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஆமாம் என்றேன்.

"வெள்ளிக்கெழம பொன்னம்மாவ கூட்டினு வா. நானே சொல்லிடறேன்."

அக்காவிடம் போய்ச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். அண்ணன் சொல்வார் என்றேன். அன்று லீவு போட்டு வருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை விடியற்காலையில் சுகர் இறங்கி, எழுப்ப எழுப்ப எழாமல் அண்ணன் போய்விட்டார். வெள்ளிக்கிழமை அக்கா வந்தார், மாலையோடு.

காரியம் முடிந்ததும், வீட்டம்மா விற்ற படங்களை எடுத்துப் போக எழிலரசன் வந்தார். நான்காவதை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அறைக்குக் கொண்டுவந்து முதலில் திருப்பினேன். அந்தப் பழக்கம் எனக்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. மாஸ்டரின் பென்சில் தேதிக்குக் கீழே, அண்ணனின் கோணல் கையெழுத்தில், பேனாவால் ஒரு வரி: 'ஆடி 10. நாலுக்கு வந்தாச்சு.'

ஆடி. அக்காவின் முதல் சேலை திரும்பியது அதற்கு அடுத்த மாதம், ஆவணியில்.

அவர் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது இந்த ஒரு வரிதான். அது இப்போது என் அறைச் சுவரில் முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டியிருக்கிறது. விசைத்தறிக் கூடம் விடும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு, கோபம் எதுவும் இல்லாமல் கேட்பார்.

"நீ படிச்ச பொண்ணு, பக்கத்துலயே இருந்த. அந்தக் கறை எந்த எடத்துலம்மா இருந்துச்சி?"