சம்பந்தி கிள்ளிய இலைகள்

சைதாப்பேட்டைக் கடையில் என் மேசைமேல் ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. உள்ளே ஊறுகாய் இல்லை. பாதிக்கு மேல் காய்ந்த இலைகள். மஞ்சளாக இருந்தவை, இப்போது பீடி இலை நிறத்துக்கு வந்துவிட்டன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். மீன் தொட்டி வாங்க வருகிற பிள்ளைகள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, "இன்னா சார் இது, நாட்டு மருந்தா?" என்று கேட்பார்கள். "என் சம்பந்தி குடுத்த சீர்" என்பேன். சிரிப்பார்கள். நான் சொல்வது உண்மைதான்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிளில் பிளாஸ்டிக் கவர்களைத் தொங்கவிட்டு மீன் விற்கத் தொடங்கினேன். இன்று சைதாப்பேட்டையில் ஒன்று, கே.கே. நகரில் ஒன்று என இரண்டு கடை. தி. நகரில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டில் சுவர் அகலத்துக்கு இருக்கும் தொட்டியும் நான் வைத்தது, மயிலாப்பூரில் ஒரு வக்கீல் மேசைமேல் இருக்கும் குட்டித் தொட்டியும் நான் வைத்தது. தண்ணீருக்குள் செடி வளர்க்க கரியமில காஸ் சிலிண்டர் வேண்டும், வெளிநாட்டு விளக்கு வேண்டும் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நல்ல மணல், சாதாரண விளக்கு, அளவான மீன் போதும். இலையைப் பார்த்தே செடிக்கு என்ன பசி என்று சொல்லிவிடுவேன். இந்த வித்தையில் எனக்கு மேல் ஒருவர் இந்த ஊரில் இருந்தால் தாராளமாகக் கடைக்கு வரட்டும், டீ வாங்கித் தருகிறேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஒரே ஒரு தொட்டி தண்ணி காட்டியது. என் மகளைக் கொடுத்த வீட்டில், அடையாறில், நானே ஆசையாக வைத்த தொட்டி. சம்பந்தி பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஆளுக்கு இரண்டு பட்டம். மகள் கல்யாணம் முடிந்ததும் அவர்கள் ஹாலில் நாலடித் தொட்டியை வைத்து, அகல இலை அமேசான் செடியும் கட்டையில் கட்டிய ஜாவா பெரணியும் நட்டுக் கொடுத்தேன். படிக்காதவன் வீட்டிலிருந்து வந்த பெண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தத் தொட்டி எனக்காகப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதம் செடி வெளுக்க ஆரம்பித்தது. நான் போகிற நாளிலெல்லாம் பார்ப்பேன். நடுவில் நாலைந்து இளம் இலைகள் சோகையாக நிற்கும், அடியில் இலையே இருக்காது. புது இலை வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இரும்பு டானிக் ஊற்றினேன். தேறவில்லை. விளக்கை மாற்றி, பத்து மணி நேரம் எரியவிடச் சொன்னேன். இன்னும் மோசமானது, கண்ணாடியில் பாசி வேறு. ஒவ்வொரு தடவையும் சம்பந்தி காபியைக் கையில் கொடுத்து, "நல்லாத்தான் இருக்கு சம்பந்தி, எங்களுக்கு என்ன குறை?" என்பார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு, அவர்கள் வீட்டு ஹாலில்தான் என்று முடிவானது. இன்னும் ஆறு வாரம். ஒருநாள் காலையில் மகள் போன் செய்தாள். குரல் சரியில்லை. "அப்பா, அந்தத் தொட்டிய எடுத்துட்டுப் போயிடுப்பா. மாமாவோட அக்கா வந்திருந்தாங்க. 'மீன்காரர் வீட்டுத் தொட்டியே இப்படிப் பழுத்துக் கெடக்கே'ன்னு சிரிச்சாங்க. மாமா ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு." வாயும் வயிறுமாக இருக்கிற பெண் அப்படிப் பேசினால் எந்த அப்பன் உட்கார்ந்திருப்பான்? பெண் கொடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் போவதில்லை என்று வைத்திருந்த வழக்கத்தை அன்று உடைத்தேன். போன் செய்யாமல் வண்டியை எடுத்தேன்.

அவர்கள் வீட்டு வாசலில் தண்ணீர் கேன் போடுகிறவர் நாலு கேனை இறக்கிக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, வீட்ல விசேஷமா? இத்தினி கேனு?" என்றேன். "விசேஷம்லாம் இல்ல தலைவா. ஒண்ணு வீட்டுக்கு, மூணு மீனுக்கு. எங்க வீட்டு மனுசனுக்கே கொழா தண்ணிதான், இங்க மீனு கேன் தண்ணி குடிச்சிகினு கீது!" என்று சிரித்தார். நான் செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

உள்ளே போனால் அதைவிடப் பெரிய காட்சி. சம்பந்தி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்காலிமேல் நிற்கிறார். வலது கை தோள்வரை தொட்டிக்குள். அடி இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, பக்கத்தில் இருந்த ஊறுகாய் பாட்டிலில் போடுகிறார். பாட்டிலில் ஏற்கெனவே காய்ந்தது ஒரு கத்தை. என்னைப் பார்த்ததும் பரீட்சையில் பிட்டோடு மாட்டிய பையனைப்போல் விழித்தார்.

"போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே சம்பந்தி..."

"இன்னா சம்பந்தி பண்றீங்க?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி எப்பவும் இதக் கிள்ளிடுவேன். அக்கா திடீர்னு வந்தப்பதான் கிள்ள முடியாமப் போச்சு. நீங்க ஆசையா வச்சது... மஞ்சளாப் பாத்தா உங்க மனசு சங்கடப்படுமேன்னு. குப்பையில போடவும் மனசு வரல."

"சரி, கேன் தண்ணி?"

"மருமக கொண்டுவந்த மீனு. குழாய்த் தண்ணியில போயி விடறதா? நாங்க குடிக்கிறதத்தான் அதுக்கும் ஊத்தறோம்."

நான் சோபாவில் உட்கார்ந்து பாட்டிலைக் கவிழ்த்தேன். இலை இலையாகப் பார்த்தேன். அத்தனையும் பழைய இலை, அத்தனையிலும் ஊசி ஓட்டை. அது பொட்டாஷ் பசி. தனக்கு வேண்டியது கிடைக்காதபோது செடி பழைய இலையிலிருந்து உறிஞ்சித்தான் குருத்தை வளர்க்கும். நோய் முழுக்க அடி இலையில் எழுதியிருந்தது. அதை நான் வருவதற்குள் கிள்ளிவிட்டு, மேல் இலையை மட்டும் எனக்குக் காட்டியிருக்கிறார் மனிதர். கேன் தண்ணீரிலோ உப்பும் இல்லை, சத்தும் இல்லை. வடிகட்டிய வெறும் தண்ணீர். அதன்மேல் நான் பத்து மணி நேரம் விளக்கை எரித்திருக்கிறேன், பட்டினி கிடக்கிறவனை வெயிலில் ஓடவிட்டதுபோல.

முன்பின் தெரியாதவர் கடைக்கு வந்தால்கூட நான் முதலில் கேட்பது, "இன்னா தண்ணி ஊத்துறீங்க?" சம்பந்தியிடம் அதைக் கேட்கவே இல்லை. கேட்டால் அவர்கள் வீட்டைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடுமே என்ற பயம். அவரும் மரியாதை பார்த்தார், நானும் மரியாதை பார்த்தேன். நடுவில் செடி பட்டினி கிடந்தது.

அதன்பிறகு என் ராஜ்ஜியம். விளக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றேன். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, குளோரின் முறிக்கும் மருந்தைச் சொட்டுவிட்டு, மீன் மிரளாதபடி வாரத்துக்குக் கால் பங்கு மாற்றச் செய்தேன். அமேசான் வேரடியில் உர வில்லை பதித்தேன். பொட்டாஷ் டானிக் அரை அளவு. கடைசியாக ஒரு கட்டளை: "சம்பந்தி, நான் சொல்றவரிக்கும் ஒரு எலையும் கிள்ளக் கூடாது. பழுத்தது திரும்பப் பச்சையாவாது. அதப் பாக்காதீங்க, குருத்தப் பாருங்க." மகள் சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏழாவது படித்தவன் பேங்க் ஆபீசருக்கு உத்தரவு போடுவதும், அவர் ஒரு டைரியை எடுத்து வரிக்கு வரி எழுதிக்கொண்டதும் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

வளைகாப்பு அன்று அடியில் மூன்று மஞ்சள் இலைகள் அப்படியே இருந்தன. நடுவில் ஏழு புது இலைகள், கரும்பச்சையில், உள்ளங்கை அகலத்துக்கு. சம்பந்தியின் அக்கா கண்ணாடியில் விரலை வைத்து, "இன்னும் பழுத்துத்தானே இருக்கு?" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார். "அது என் தப்புக்கா. நடுவுல பாரு, அது என் சம்பந்தி கைவேலை." ஹாலில் அத்தனை பேர் முன்னால் சொன்னார். மணையில் உட்கார்ந்திருந்த என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். அன்று கிளம்பும்போது அந்த ஊறுகாய் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது அவர்கள் பாலவாக்கத்தில் சொந்த வீடு கட்டி, தொட்டியோடு போய்விட்டார்கள். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி போன்கூடச் செய்யாமல் கடைக்குள் நுழைந்தார். கையில் ஈரத் துணி. பிரித்தால் ஒரே ஒரு மஞ்சள் இலை. "சம்பந்தி, பாத்தீங்களா? அடி இலைதான்! பழுத்த அன்னைக்கே கொண்டுவந்துட்டேன்" என்று பரிசு வாங்கினவர்போல் நீட்டினார். அந்த ஊரில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதன் குணமே வேறு. அவர் நாற்காலியை இழுத்து உட்காரக்கூட இல்லை, நான் கேட்டேன்:

"இன்னா தண்ணி ஊத்துறீங்க?"

அவர் டைரியைத் திறந்தார். நான் இலையைத் துடைத்து பாட்டிலில் போட்டேன்.