குப்புராஜ் போட்ட ரெண்டு கட்டு

குப்புராஜ் எனக்கு அக்கா மகன். கூடப் பிறந்த அக்கா இல்லை, பெரியப்பா மகள். எளாவூரில் வீடு, கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வெல்டிங் வேலை. இதுவரைக்கும் அவன் ரெண்டு தடவை கட்டுப் போட்டிருக்கிறான்.

முதல் கட்டு பொய். மணவாள நகரில் அவன் அக்கா ஞானம்மா புதுவீடு குடிபோனபோது, போகச் சோம்பல்பட்டு, கால் முறிந்துவிட்டதென்று வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டான். காலையில் பார்க்க வந்த சனம் இடது காலில் பார்த்த கட்டை, சாயங்காலம் வந்த சனம் வலது காலில் பார்த்தது.

ரெண்டாவது கட்டு 2007-ல். வலது கண்ணில் சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறிவிட்டது. கம்பெனி லீவு கொடுத்த நேரம் பார்த்து ஆபரேஷன் பண்ணிக்கொண்டான். டாக்டரம்மா, "எரிச்சல் தெரியாம இருக்க உள்ளேயே பேண்டேஜ் லென்ஸ் வச்சிருக்கேன். ஒரு வாரம் கசக்கக் கூடாது. புகை, தூசி ஆகாது" என்று சொல்லி அனுப்பினார். பஞ்சு இல்லை, துணி இல்லை. கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞானம்மா மகளுக்குக் காது குத்து. கலியாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. குப்புராஜ்தான் ஒரே தாய்மாமன். அவன் மடியில் உட்கார்த்தித்தான் குத்தணும். கண்ணில் கட்டுப் போட்டிருக்கு, வர முடியாதென்று போன் பண்ணினான். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள் ஞானம்மா.

"கட்டு எங்கடா?"

"உள்ள கீது யக்கா."

"அன்னிக்கி கட்டு இருந்திச்சி, அடி இல்ல. இன்னிக்கி அடி கீது, கட்டு இல்லியா?"

"கண்ணாடி மாதிரி கண்ணுமேல ஒட்டிக்கினு கீது."

அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்கோடு மூக்கு இடிக்கப் பார்த்தாள்.

"ஒண்ணியும் காணோம். வர இஷ்டமில்லன்னா சொல்லிடு நைனா. சித்தப்பா மவன் பச்சையப்பன் ரெடியா கீறான். அவன் மடியில வச்சிக் குத்திடறேன். அப்புறம் எனக்குத் தம்பின்னு யாரும் கிடையாது."

பச்சையப்பன் பேரைக் கேட்டதும் குப்புராஜுக்குத் தாங்கவில்லை. பொய்க் கட்டுக்கு ஆரஞ்சுப் பழம் வந்தது, நிஜக் கட்டுக்கு ஏச்சு வருகிறதே என்று அழுகை முட்டியது. அவன் பெண்சாதி கங்கம்மா, "கண்ணத் தொடாதய்யா!" என்று ஓடி வருவதற்குள் கசக்கிவிட்டான். லென்ஸ் கழன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

ஞானம்மா அதை விரல் நுனியில் எடுத்தாள். "இன்னாடா இது, மீன் செதிலு?"

கண்ணில் மிளகாய்த்தூள் கொட்டினாற்போல குப்புராஜ் போட்ட கூச்சலில், ஊர் எல்லைச் செக்போஸ்டில் நின்ற லாரிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள்.

"அண்ணி, அதான் கட்டு!" என்றாள் கங்கம்மா.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழி நெடுக அவனைவிட அதிகமாக அழுதவள் அக்காதான், அந்தச் செதிலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு. டாக்டரம்மா மூன்று பேரையும் திட்டிவிட்டுப் புது லென்ஸ் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கூச்சல் அடங்கியது. "நாஷ்டா துன்னியா யக்கா?" என்று கேட்டானாம் குப்புராஜ்.

ஞானம்மா காது குத்தைப் பத்து நாள் தள்ளிவைத்தாள். வீடு வீடாகப் போய்த் தேதி மாறினதைச் சொன்னாள். என் வீட்டுக்கும் வந்தாள்.

"தம்பிக்குக் கண்ணுல கட்டுப் போட்டிருக்கு சித்தி."

"நேத்துதானே அவனைப் பாத்தேன்? கட்டு ஒண்ணும் இல்லியே."

"அது உள்ள கீது சித்தி. வெளிய தெரியாது."

நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன்.

"ஏண்டி ஞானம்மா, நீயும் அவன்கிட்ட கத்துக்கினியா?"